பழைய காரில் சீட் பெல்ட் சிக்குகிறதா? படிப்படியாகச் சரிசெய்யும் முறை

பழைய காரில் சீட் பெல்ட் மூன்று விதமாக மக்கர் செய்யும். இழுத்தால் வராது. கழற்றி விட்டால் உள்ளே போகாமல் தொளதொளவென்று தொங்கி, கதவில் மாட்டிக்கொள்ளும். அல்லது பக்கிளில் செருகினால் பிடிக்காது, பிடித்துவிட்டால் பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் விடாது. மூன்றும் தனித்தனிக் கோளாறுகள். ஆனால் எது வந்தாலும் "உள்ளே ஸ்பிரிங் போயிருக்கும்" என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும்.

ஸ்பிரிங் அவ்வளவு எளிதில் போவதில்லை. பல வருடம் ஓடிய காரில் பெல்ட் மெதுவாகச் சுருளுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் அழுக்கு. பட்டையில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஊறியிருக்கும். தோளுக்கு மேலே பட்டை மடங்கித் திரும்பும் வளையத்தில் அதே பிசுக்கு கறுத்துப் படலமாகப் படிந்திருக்கும். இதைப் போக்க ஒரு வாளி நீரும் பழைய துணியும் போதும். ஆகவே வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போவோம்: முதலில் பட்டை, அடுத்து வளையம், பிறகு பக்கிள், கடைசியாகப் பட்டையைச் சுருட்டி வைத்திருக்கும் ரிட்ராக்டர். ரிட்ராக்டரின் மூடியோடு நம் வேலை நின்றுவிட வேண்டும்.

சுருளாத பெல்ட்டைச் சிலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கையால் உள்ளே தள்ளிவிட்டு ஓட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். மார்பின் மேல் பட்டை தளர்ந்து கிடந்தால், மோதலின்போது அந்தத் தளர்வு தீரும்வரை உடலை எதுவும் பிடிப்பதில்லை. உடல் வேகமெடுத்து முன்னே போன பிறகுதான் பட்டை இறுகும். வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்த மூன்றுமுனை பெல்ட்தான் இன்றும் நாம் மாட்டுவது. இடுப்பெலும்பின் மேலும் மார்பின் மேலும் பட்டை ஒட்டிக் கிடந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பட்டை பாலியெஸ்டர் நூலால் நெய்தது. ஐக்கிய நாடுகள் அவையின் 16-ஆம் எண் வாகன விதிமுறைப்படி அது குறைந்தது 46 மி.மீ. அகலம் இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒன்றரை டன் இழுவைக்கு அறுந்துபோகக் கூடாது. கதவை ஒட்டிய தூணின் அடியில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ரிட்ராக்டர் இருக்கிறது. பட்டையைச் சுற்றி வைத்திருக்கும் உருளைதான் அது. உருளையின் ஒரு பக்கம் சுருள் ஸ்பிரிங், மறுபக்கம் பூட்டும் அமைப்பு.

பூட்டுவதற்குப் பொதுவாக இரண்டு உணர்விகள் உண்டு. முதலாவது காரின் அசைவை உணர்வது. சிறு குழியில் ஓர் எஃகு குண்டு உட்கார்ந்திருக்கும். சில வகைகளில் குண்டுக்குப் பதில் சிறு ஊசல் இருக்கும். திடீரென பிரேக் பிடித்தாலோ கார் சாய்ந்தாலோ குண்டு உருண்டு ஒரு நெம்பைத் தூக்கும், அந்த நெம்பு பல்சக்கரத்தில் மாட்டி உருளையை நிறுத்திவிடும். மேலே சொன்ன விதிமுறைப்படி 12 டிகிரி வரை சாய்ந்தால் இது பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். இரண்டாவது உணர்வி பட்டை இழுக்கப்படும் வேகத்தைக் கவனிப்பது. வெடுக்கென்று இழுத்தால் பூட்டும், நிதானமாக இழுத்தால் விடும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பூட்டிய பல், பட்டையில் இழுவை இருக்கும்வரை விலகாது. பட்டை கொஞ்சம் உள்ளே போனால்தான் அது கழன்று விழும். பூட்டிய பெல்ட்டை மேலும் மேலும் இழுத்துக்கொண்டே இருந்தால் எத்தனை மணி நேரமானாலும் வராததற்கு இதுதான் காரணம்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை

மோதலின்போது பட்டையை நொடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளிழுத்து இறுக்கும் பிரீடென்ஷனர் என்ற பாகம் பல கார்களில் உண்டு. பெரும்பாலும் வெடிமருந்தால் இயங்குவது அது. 1981-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ் வகுப்புக் காரில் ஏர்பேக்குடன் சேர்ந்து வந்து, பின்னர் மற்ற கார்களுக்கும் பரவியது. ரிட்ராக்டரிலோ பக்கிளின் அடியிலோ மஞ்சள் நிற இணைப்பியுடன் மின்கம்பி போனால் பிரீடென்ஷனர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட காரில் பட்டையைக் கழுவலாம், வளையத்தைத் துடைக்கலாம், பக்கிளின் வாயைச் சுத்தம் செய்யலாம். போல்ட்டைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தாலும் அப்படியே.

பெல்ட் பூட்டிக்கொண்டு வரவில்லை என்றால்

முதலில் கார் நிற்கும் தரையைப் பாருங்கள். சரிவில் நின்றாலோ ஒரு சக்கரம் நடைமேடையில் ஏறியிருந்தாலோ குண்டு உருண்டிருக்கலாம். சமதரைக்குக் கொண்டுவந்த பிறகு முயன்று பாருங்கள். சமதரையில் சரியாக வேலை செய்தால் அது கோளாறே இல்லை.

சமதரையிலும் வரவில்லையா? பட்டையைக் கையில் பிடித்து, கொஞ்சம் உள்ளே போக விடுங்கள். விரல் அகலம் போனாலும் போதும். பிறகு அவசரப்படாமல் ஒரே சீராக இழுங்கள். முழுவதும் சுருண்டு உள்ளே போக இடமே இல்லாத நிலையில் பூட்டியிருந்தால் வேறு வழி: பட்டையை வளையத்துக்குப் பக்கத்தில் இறுகப் பிடித்து ஒரே ஒரு முறை பலமாக இழுத்து, உடனே விட்டுவிடுங்கள். அந்த இழுப்பில் உருளைமேல் சுற்றியிருக்கும் பட்டை இறுகி, கொஞ்சம் இடம் உண்டாகும். விட்டதும் உருளை சற்றுப் பின்னால் சுழன்று பல் கழன்றுவிடும். அடுத்து மெல்ல இழுத்தால் வரும். இரண்டு மூன்று முறை தேவைப்படலாம்.

பயணி இருக்கைகளில் இன்னொரு சங்கதி உண்டு. குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்டுவதற்காகச் சில ரிட்ராக்டர்களில் தனி முறை இருக்கிறது. பட்டையைக் கடைசி வரை இழுத்துவிட்டால் அது அந்த முறைக்கு மாறி, பிறகு உள்ளே மட்டுமே போகும், வெளியே வராது. போகும்போது கடகடவென்று பல் விழும் சத்தமும் கேட்கும். இது பழுதில்லை. பட்டையை முழுவதும் உள்ளே சுருள விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இவை எதற்கும் மசியாவிட்டால், தூண் மூடியில் பட்டை நுழையும் இடுக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டை உள்ளே முறுக்கிக்கொண்டிருக்கலாம், நாணயமோ பென்சிலோ விழுந்திருக்கலாம். சமீபத்தில் யாராவது உள்பக்க மூடிகளைக் கழற்றி மாட்டியிருந்தால், ரிட்ராக்டரைச் சரியான சாய்வில் பொருத்தாமல் விட்டிருக்கவும் வாய்ப்புண்டு. சாய்வு மாறினால் குண்டு எப்போதும் உருண்ட நிலையிலேயே இருக்கும்.

பட்டையைக் கழுவுதல்

மெதுவாகச் சுருளும் பெல்ட்டுக்கு முதல் மருந்து இதுதான். மாலையில் தொடங்கினால் இரவு முழுதும் உலர நேரம் கிடைக்கும்.

1. பட்டையை மெல்ல முழுவதும் வெளியே இழுங்கள். திரும்ப உள்ளே ஓடாமல் இருக்க, மேல் வளையத்துக்கும் தூண் மூடிக்கும் நடுவே ஒரு கிளிப் போட்டுப் பிடிக்க வைக்கவும். பட்டையில் தடம் விழாமலிருக்க கிளிப்புக்கு அடியில் துணி வையுங்கள். கிளிப் நழுவினால் ஈரப் பட்டை உள்ளே போய்விடும். ஆகவே இரண்டு கிளிப் போடுவது நல்லது.

2. இப்போதே பட்டையின் முழு நீளத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, வெட்டு உண்டா, சிகரெட் சூடு பட்ட துளை உண்டா, வெயிலில் வெளிறி விறைத்துப்போயிருக்கிறதா? ஒன்று இருந்தாலும் கழுவ வேண்டாம், மாற்றுங்கள். சில பழைய பெல்ட்டுகளில் கீழ்முனை அருகே பட்டையை மடித்துத் தைத்திருப்பார்கள். விபத்தில் அந்தத் தையல் பிரிந்து அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அது பிரிந்திருந்தால் அந்தப் பெல்ட் ஏற்கெனவே ஒரு மோதலைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம்.

3. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, பட்டையின் நீளவாக்கில் இருபுறமும் துடையுங்கள். பிசுக்கு அதிகமென்றால் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம். குறுக்கே தேய்த்தால் ஓர நூல்கள் கிளம்பும். நீரை ஊற்ற வேண்டாம். வழிந்தால் அது நேராக ரிட்ராக்டருக்குள்தான் போகும். துணியில் வரும் கறுப்பைப் பார்த்தால் பெல்ட் ஏன் சிக்கியது என்று தெரிந்துவிடும்.

4. சோப்பு போகும்வரை சுத்தமான ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடையுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடும் கட்டம் இது. சோப்பு தங்கினால் சில வாரங்களில் அதுவே தூசியைப் பிடித்து மறுபடி பிசுபிசுக்கும்.

5. நிழலில் தானாக உலரட்டும். சூடான காற்று அடிக்க வேண்டாம். தொட்டால் துளி ஈரமும் தெரியாதபோதுதான் கிளிப்பை எடுக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்து நாற்றமெடுக்கும், உள்ளே உலோகம் துருப்பிடிக்கும்.

பிளீச், சாயம், பெட்ரோல், தின்னர் எதுவும் பட்டையில் படக் கூடாது. இவை நூலைப் பலவீனப்படுத்தும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. சிலிகான் ஸ்பிரே அடித்தால் உடனே வழுக்கிக்கொண்டு போகும் என்று சிலர் சொல்வார்கள். போகும்தான், ஆனால் கொஞ்ச நாளில் அதன்மேல் தூசி ஒட்டி முன்பைவிட மோசமாகும். நூலில் எதைப் பூசுவதும் எனக்கு உடன்பாடில்லை.

மேல் வளையம்

பட்டை உலரும் நேரத்தில் வளையத்தைக் கவனியுங்கள். பட்டை இங்கேதான் மடங்கித் திரும்புகிறது, உராய்வு முழுவதும் இங்கேதான். பட்டையை ஒதுக்கிவிட்டு வளையத்தின் உள்விளிம்பை விரல் நுனியால் தடவினால் ஒட்டும் படலம் தட்டுப்படும். தோலின் எண்ணெய், பூசும் கிரீம், தூசி எல்லாம் சேர்ந்து அரக்குபோல் இறுகியிருக்கும்.

மெல்லிய துணியை நாடாபோல் மடித்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, வளையத்தின் துளை வழியாக நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். துணி கறுத்ததும் புதிய பகுதிக்கு மாற்றுங்கள். ஆல்கஹால் இல்லையென்றால் சோப்பு நீரும் போதும், நேரம்தான் அதிகமாகும். கத்தியாலோ திருப்புளியாலோ சுரண்ட வேண்டாம், அதில் விழும் கீறல் பட்டையை அறுக்கும். சுத்தமான பிறகும் விரலில் சொரசொரப்போ பள்ளமோ தட்டுப்பட்டால், வளையத்தையே மாற்ற வேண்டும்.

வளையத்தில் பட்டை மடிந்து புரண்டு கிடப்பதும் சிக்கலுக்கு ஒரு காரணம். வளையத்துக்குக் கீழே, தூண் பக்கமாக, கொஞ்சம் பட்டையைத் தளர்வாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை நீளவாக்கில் பாதியாக மடித்து, புரண்ட திசைக்கு எதிராகத் திருப்பி, அந்த மடிப்பை வளையத்தின் துளை வழியாக மெல்ல நுழைத்து மறுபுறம் விரியுங்கள். பொறுமை வேண்டும், பலம் வேண்டாம்.

இந்த இரண்டு வேலையையும் முடித்த பிறகு பெல்ட்டை இழுத்து விட்டுப் பாருங்கள். பெரும்பாலான பழைய பெல்ட்டுகள் இங்கேயே உயிர்பெற்றுவிடும்.

பக்கிள்

இருக்கைக்கும் நடுப்பெட்டிக்கும் இடையே இருப்பதால் பக்கிளுக்குள் போகாத பொருள் இல்லை: தின்பண்டத் துகள், நாணயம், கொட்டிய குளிர்பானம். முதலில் வாக்குவம் கிளீனரின் குறுகிய முனையை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். பிறகு டார்ச் அடித்துப் பார்த்து, தெரியும் பொருளைப் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். அழுத்தக் காற்று இருந்தால் சிறு வெடிப்புகளாக அடிக்கலாம், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். குளிர்பானம் காய்ந்து ஒட்டியிருந்தால் நாக்கை, அதாவது செருகும் உலோகத் தகட்டை, வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, பலமுறை செருகி எடுங்கள். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் பிசுக்கைக் கொண்டுவரும். பக்கிளுக்குள் நீர் ஊற்றாதீர்கள், எச்சரிக்கை விளக்குக்கான மின்சுவிட்சு பல கார்களில் அதற்குள்தான் இருக்கிறது.

எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் உள்ளே வேண்டாம். சுத்தம் செய்த பிறகும் 'கிளிக்' என்று தெளிவாகப் பிடிக்கவில்லை, அல்லது பிடித்த பிறகு பலமாக இழுத்தால் கழன்று வருகிறது என்றால் பக்கிளைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. புதிதாகத்தான் மாற்ற வேண்டும்.

ரிட்ராக்டரைத் தொட வேண்டி வந்தால்

இது பிரீடென்ஷனர் இல்லாத பழைய கார்களுக்கு மட்டும்.

தூணின் கீழ் மூடி பெரும்பாலும் கிளிப்புகளால் மாட்டப்பட்டிருக்கும். பழைய பிளாஸ்டிக் எளிதில் உடையும் என்பதால் பிளாஸ்டிக் நெம்புகோலால் ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். உள்ளே தெரியும் ரிட்ராக்டரைக் கழற்றும் முன் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷரும் புஷ்ஷும் எந்த வரிசையில் இருக்கின்றன, சுழலாமல் தடுக்கும் சிறு கொக்கி எந்தத் துளையில் உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் மாட்டும்போது தேவைப்படும்.

கழற்றிக் கையில் எடுத்ததும் பட்டை அசையவே அசையாது. பலரும் இங்கே பயந்து, புதிதாக ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். கையில் சாய்வாகப் பிடித்திருப்பதால் குண்டு உருண்டு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். காரில் இருந்த அதே கோணத்தில் நிமிர்த்திப் பிடித்தால் பட்டை ஓடும்.

இங்கே செய்யக்கூடியது கொஞ்சம்தான்: வெளித்தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுவது, விழுந்து கிடக்கும் பொருளை எடுப்பது, துருவோ வளைவோ உண்டா என்று பார்ப்பது. இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் மூடிகளைத் திறக்காதீர்கள். ஒரு மூடிக்குள் முறுக்கி அடைத்த ஸ்பிரிங் இருக்கிறது. திறந்த கணத்தில் அது பாய்ந்து கையைக் கிழிக்கலாம், திரும்ப அதே இறுக்கத்தில் சுற்றி அடைப்பதும் வீட்டில் ஆகாத காரியம். மறுமூடிக்குள் இருப்பது குண்டும் நெம்பும். அங்கே ஒரு துளி எண்ணெய் தூசியைச் சேர்த்தால், பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டாமல் போகலாம். சாதாரண நாளில் நன்றாக ஓடும் பெல்ட் மோதலின்போது பூட்டாதிருப்பது, சிக்கும் பெல்ட்டைவிடப் பல மடங்கு மோசம்.

திரும்ப மாட்டும்போது பழைய போல்ட்டையே, அல்லது அதே காருக்கான புதிய போல்ட்டையே போடுங்கள். பெல்ட் போல்ட்டுகள் பெரும்பாலும் 7/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 மரையும் கொண்ட தனி வகை. கடையில் கிடைக்கும் மி.மீ. அளவு போல்ட்டை அதில் ஏற்றினால் மரை சிதைந்துவிடும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருப்பி, கடைசி இறுக்கத்தை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் கொடுங்கள்.

சோதனை

காரை நிறுத்தி வைத்து மெல்ல இழுத்தால் தடையின்றி வர வேண்டும். விட்டால் வளையம் வரை தானாகச் சுருள வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும். சில பழைய கார்களில் வேகத்தை உணரும் உணர்வி கிடையாது, காரின் அசைவுக்கு மட்டுமே பூட்டும். அவற்றில் வெடுக்கென்று இழுத்தாலும் பட்டை வந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே இரண்டாவது சோதனை கட்டாயம். ஆள் நடமாட்டமில்லாத, சமமான, திறந்த இடத்தில் பெல்ட் மாட்டிக்கொண்டு மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் போய்ச் சட்டென்று பிரேக் பிடியுங்கள். பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெல்ட் பூட்டாமலும் போகலாம் என்பதால் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, உடலைத் தாங்கத் தயாராக இருங்கள். மார்பில் பட்டை பிடித்து நிறுத்தினால் நல்லது. நிறுத்தாவிட்டால் அந்த இருக்கையை, பெல்ட் மாற்றும்வரை, யாரும் பயன்படுத்தக் கூடாது.

மாற்றியே ஆக வேண்டியவை

பெரிய மோதலைச் சந்தித்த பெல்ட், வெடித்துவிட்ட பிரீடென்ஷனர், வெள்ளத்தில் மூழ்கிய ரிட்ராக்டர், சுத்தம் செய்த பிறகும் சுருளாதது, சோதனையில் பூட்டாதது. இவற்றில் பேரமே கிடையாது.

புதியதை வாங்கும் முன் பட்டையின் கீழ்முனையில் தைத்திருக்கும் லேபிளைப் படம் எடுங்கள். பாக எண்ணும் தயாரிப்புத் தேதியும் அதில் இருக்கும். வேறு மாடலின் பெல்ட்டோ, எதிர்ப்பக்க இருக்கையின் பெல்ட்டோ போல்ட் துளையில் பொருந்திவிடலாம். ஆனால் குண்டின் குழி அந்தந்த இடத்தின் சாய்வுக்கேற்ப அமைக்கப்பட்டிருப்பதால், இடம் மாறினால் காரணமின்றிப் பூட்டும், அல்லது பூட்டவே செய்யாது. பழைய உதிரிபாகக் கடையில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கார் ஏன் உடைக்க வந்தது என்பதற்கு அங்கே பதில் கிடைக்காது.

கழற்றிய பழைய பெல்ட்டை எறியும் முன் பட்டையைக் குறுக்கே வெட்டிவிடுங்கள். வேறு யாரும் எடுத்துத் தங்கள் காரில் மாட்டிவிடக் கூடாது. வெடிக்காத பிரீடென்ஷனர் இருந்தால் குப்பையில் போடாமல், அதை மாற்றித் தந்த பட்டறையிடமே ஒப்படையுங்கள்.